பழைய ஸ்டேடியத்தைப் புதுப்பிக்கும்போது முதலில் எதில் கை வைப்பது? (சேப்பாக்கம் ஐ, ஜே, கே கேலரி விவகாரத்தை முன்வைத்து)

திடல்வாசி கேட்டது:

வணக்கம். கடலில் இருந்து ஒன்றரை கிலோமீட்டரில் ஒரு நகராட்சி ஸ்டேடியம். 1960-களில் கட்டியது. மேற்கே கான்கிரீட் கேலரி, அதன் படிகளுக்கு அடியில் கடைகளும் சாமான் அறைகளும். வடக்கே ஓடு வேய்ந்த பெவிலியன், தெருப் பக்கம் ஒரு வளைவு வாசல். காலையும் மாலையும் ஊர் மக்கள் மைதானத்தைச் சுற்றி நடக்கிறார்கள்.

ஆலோசகர் கொடுத்திருக்கும் வரைவு இது: பெவிலியனும் வளைவும் அப்படியே இருக்கும். கிழக்கே 6,000 பேருக்குப் புது ஸ்டாண்ட், மேலே துணிக்கூரை. பழைய கேலரிக்கு "பூச்சு வேலையும் பெயின்ட்டும்". மைதானத்தில் மண்ணைக் கொத்திப் புதுப் புல்.

கேள்விகள்:
1. சேப்பாக்கத்தில் ஐ, ஜே, கே மூன்றும் அத்தனை வருஷம் ஏன் காலியாகக் கிடந்தன? அதே கதி இங்கேயும் வருமா?
2. பழைய கேலரிக்குப் பூச்சு போதுமா?
3. எந்த வேலையை எப்போது செய்வது?

அளவுநாடா:

முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். சேப்பாக்கத்தில் கான்கிரீட்டிலோ கூரையிலோ பிரச்சினை இல்லை. 2011 உலகக் கோப்பையை ஒட்டி லண்டன் ஹாப்கின்ஸ் நிறுவனமும் சென்னை நடராஜ் அண்ட் வெங்கட் நிறுவனமும் வடிவமைத்த ஸ்டாண்டுகள் அவை. பார்வையை மறைக்கும் தூண் கிடையாது, கடல்காற்று உள்ளே வர இடைவெளி விட்டிருக்கிறார்கள், படிகள் 36 பாகை சாய்வில் ஏறுகின்றன. இந்தியாவில் அப்போது அதைவிட நல்ல கேலரி அதிகம் இல்லை.

சிக்கல் கேலரிக்கு வெளியே இருந்தது. பக்கத்துக் கிளப்பின் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் புது ஸ்டாண்டுக்கும் நடுவே விதிப்படி இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. கட்டட அனுமதியும் பணிநிறைவுச் சான்றும் அதில் மாட்டிக்கொண்டன. சீல், வழக்கு என்று இழுத்தது. மூன்றும் சேர்த்துச் சுமார் 12,000 இருக்கை. 2019 ஐபிஎல் இறுதிப்போட்டி சென்னையை விட்டு ஹைதராபாதுக்குப் போனதே இந்தப் பூட்டால்தான். அந்தக் கூடத்தை இடித்து இடைவெளியை உண்டாக்கிய பிறகு, 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துடன் நடந்த இரண்டாவது டெஸ்டுக்குத்தான் மறுபடி ஆட்களை உட்கார வைத்தார்கள். அதுவும் கொரோனா காலம், பாதிக் கூட்டம்.

இதற்கு வேர் எங்கே என்றால், பழைய ஸ்டேடிய வளாகம் ஒரே கையில் இருப்பதில்லை. சேப்பாக்கத்தில் நிலம் அரசுடையது, ஸ்டேடியம் குத்தகையில் கிரிக்கெட் சங்கத்திடம், ஒட்டியபடியே 1846-ல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப். எல்லைக்கோடு ஒரு பக்கம், கட்டடம் ஒரு பக்கம். உங்கள் ஊரிலும் தேடினால் கிடைக்கும்: மூலையில் ஒரு சங்கக் கட்டடம், மின்வாரிய டிரான்ஸ்பார்மர், மேல்நிலைத் தொட்டி, சின்னக் கோயில், எப்போதோ கொடுத்த கடை வாடகை.

ஆகவே வரைபடம் போடுவதற்கு முன் செய்ய வேண்டியது:

தாலுகா அலுவலகத்தில் புல எல்லை வரைபடத்தை வாங்குங்கள். டோட்டல் ஸ்டேஷன் (தூரத்தையும் கோணத்தையும் அளக்கும் நில அளவைக் கருவி) வைத்து வளாகத்தில் நிற்கும் ஒவ்வொன்றையும் அளந்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். காம்பவுண்ட் சுவரை எல்லை என்று நம்பாதீர்கள். பழைய சுவர்கள் வசதிப்பட்ட இடத்தில் கட்டியவை.

அந்த வரைபடத்தில் புது ஸ்டாண்டை மட்டும் பார்க்காமல், எந்த இரு கட்டடங்களுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று ஒவ்வொரு ஜோடியாக அளவு எழுதுங்கள். கூரையின் நுனியில் இருந்து அளக்க வேண்டும். சுவரில் இருந்து அளந்தால் துணிக்கூரை மூன்று மீட்டர் வெளியே நீண்டிருப்பது கணக்கில் வராது. விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்தது தீயணைப்பு வண்டி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்பது 6 மீட்டர் அகலப் பாதை, 9 மீட்டர் திருப்பு ஆரம், 45 டன் தாங்கும் தரை. மழைநீர் வடிகாலின் மேல் போட்ட பழைய பலகைக் கற்கள் 45 டன்னைத் தாங்காது. வண்டி பாதி வழியில் வடிகாலுக்குள் இறங்கும். இனி உங்கள் வளைவு வாசல்: அகலம் நாலரை மீட்டர், உயரம் ஐந்து மீட்டர் தேறுமா? தேறாவிட்டால் வளைவை இடிக்காதீர்கள். அதை நடப்பவர்களுக்கு விட்டுவிட்டு, வண்டிக்கு வேறு வாசல் திறந்து, அதையே அனுமதி வரைபடத்தில் தீயணைப்பு வழி என்று குறித்துவிடுங்கள்.

பணிநிறைவுச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. திறப்பு விழாவுக்கு ஜெனரேட்டர் வைத்துச் சமாளித்துவிட்டு "பிறகு பார்த்துக்கலாம்" என்று விட்ட ஸ்டேடியங்களில் அந்தப் "பிறகு" வருஷக் கணக்கில் நீளும்.

கம்பிகட்டி:

இரண்டாவது கேள்வி. "பூச்சும் பெயின்ட்டும்" என்று எழுதிய ஆலோசகர் கேலரிக்கு அடியில் போய் மேலே நிமிர்ந்து பார்த்தாரா என்று கேளுங்கள்.

60 வருஷக் கடற்கரைக் கான்கிரீட்டில் இரண்டு வியாதி இருக்கும். காற்றின் கரியமிலவாயு உள்ளே போய் காரத்தன்மையைக் குறைப்பது ஒன்று. உப்புக்காற்றின் குளோரைடு கம்பி வரை இறங்குவது இன்னொன்று. கம்பி துருப்பிடித்தால் பருமனில் பல மடங்கு வீங்கும், கம்பியை மூடியிருக்கும் மேல் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். கேலரியில் இது முதலில் தெரிவது படியின் அடிப்பக்கத்தில், மழைநீர் சொட்டும் மூட்டுகளில்.

செய்ய வேண்டிய சோதனைகள்: சுத்தியலால் தட்டி "டொக்" என்று பொள்ளல் சத்தம் வரும் இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போடுவது. இது பைசா செலவில்லாதது, ஆனாலும் பாதிச் சேதி இதிலேயே கிடைத்துவிடும். பிறகு புதிதாக உடைத்த முகத்தில் பினால்ப்தலீன் தெளித்தால் நல்ல கான்கிரீட் ரோஜா நிறமாகும், காரம் போன பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழத்தையும் கவர் மீட்டரில் (உடைக்காமலே கம்பி எவ்வளவு ஆழத்தில் என்று காட்டும் கருவி) வரும் கம்பி ஆழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். முதல் எண் இரண்டாவதைத் தொட்டுவிட்டால் கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது. கம்பியின் மின்னழுத்தத்தை மேலிருந்து அளக்கும் அரைக்கலன் சோதனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீத வாய்ப்பு. குளோரைடுக்குத் துளைத்தூள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பலத்துக்குக் கோர் (துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) எடுப்பது கடைசி. மேற்பரப்பில் அடித்து எவ்வளவு துள்ளுகிறது என்று பார்க்கும் ரீபவுண்டு சுத்தியலை மட்டும் வைத்து "எம் 20 தரக் கான்கிரீட் இருக்கிறது" என்று கொடுக்கும் அறிக்கையை வாங்காதீர்கள். காரம் போன மேல்தோல் கெட்டியாக இருப்பதால் அந்தச் சுத்தியல் எண்ணைக் கூட்டித்தான் காட்டும்.

பழுது பார்க்கும் முறையில் எல்லாரும் செய்யும் தப்பு, தெரிகிற கம்பியின் முன்பக்கத்தை மட்டும் கம்பி பிரஷால் தேய்த்துச் சிமென்ட் அப்புவது. கம்பிக்குப் பின்னால் குறைந்தது 20, 25 மில்லிமீட்டர் இடைவெளி வரும்வரை உடைக்க வேண்டும். விரல் சுற்றிப் போக வேண்டும். துருப்பிடித்த நீளத்தைத் தாண்டி நல்ல கம்பி வரும்வரை போக வேண்டும். குறுக்களவு கால்வாசிக்கு மேல் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி. பிறகு துத்தநாகப் பிரைமர், பாலிமர் கலந்த காரை அல்லது பலகை அடித்து மைக்ரோ கான்கிரீட், ஏழு நாள் ஈரச் சாக்கு.

இவ்வளவு செய்தும் இரண்டு மழைக்காலத்தில் பழுது பார்த்த திட்டைச் சுற்றி வளையமாகப் புது விரிசல் வரும். "வேலை சரியில்லை" என்று கொத்தனாரைத் திட்டுவார்கள். அவர் மேல் தப்பில்லை. புதுத் திட்டுக்குள் இருக்கும் கம்பி பாதுகாப்பாகிவிட, அதன் ஓரத்தில் உப்பேறிய பழைய கான்கிரீட்டில் இருக்கும் கம்பி பலியாடாகிவிடுகிறது. அதைத் தடுக்கத் திட்டின் ஓரத்தில் கம்பியோடு சேர்த்துக் கட்டும் சின்னத் துத்தநாகக் கட்டிகள் இருக்கின்றன. உப்பு அதிகம் என்று ஆய்வகம் சொன்னால், அதை மதிப்பீட்டில் ஒரு வரியாகச் சேர்க்காத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று. படிக்கு அடியில் கடை, சாமான் அறை என்றீர்கள். 1985-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு ஸ்டாண்டு தீயில் 56 பேர் இறந்தார்கள். மரக் கேலரி, அடியில் வருஷக் கணக்கில் சேர்ந்த குப்பை. உங்களுடையது கான்கிரீட்தான். ஆனால் கிழிந்த வலை, பழைய பாய், பெயின்ட் டின், தேர்தல் தட்டிகள் என்று அடைத்து வைத்தால் புகை மேலே படிவழியாகத்தான் ஏறும். அந்த அறைகளைக் காலி செய்வதுதான் மொத்தத் திட்டத்திலும் மலிவான பாதுகாப்பு வேலை.

அருகம்புல்:

மைதானமும் கூரையும் பற்றி. இரண்டையும் தனித்தனியாக டெண்டர் விடுவார்கள். விடக்கூடாது, ஏனென்றால் கூரை புல்லைக் கொல்லும்.

இதற்குச் சிங்கப்பூர் காலாங் நல்ல பாடம். 1973-ல் திறந்த பழைய தேசிய ஸ்டேடியத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் 310 மீட்டர் அகலக் குவிமாடத்தோடு 2014-ல் புதியதைத் திறந்தார்கள். உலகத்தரக் கட்டடம். அந்த அக்டோபரில் பிரேசில்–ஜப்பான் ஆட்டத்தில் பந்து துள்ளிய இடமெல்லாம் மணல் பறந்தது. வெயில் போதாமல் புல் வேர் பிடிக்கவில்லை, நிகழ்ச்சிகளுக்கு நடுவே அது தேற நாளும் இல்லை. பிறகு வேறு வகைத் தரை, செயற்கை வெளிச்ச விளக்கு என்று செலவு செய்து சரிக்கட்டினார்கள்.

நம் ஊரில் போடும் பெர்முடா நம் அருகம்புல் இனம்தான். ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். உங்கள் ஸ்டாண்ட் கிழக்கே வருவதால் காலை வெயில் போகும். டிசம்பர் 21-க்கும் ஜூன் 21-க்கும் நிழல் வரைபடம் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். கூரையை ஒரு மீட்டர் உள்ளே இழுத்தால் எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

"மண்ணைக் கொத்திப் புதுப் புல்" என்பது தண்ணீரில் போட்ட பணம். அடுக்கு இப்படி வர வேண்டும்: சரிவு கொடுத்துக் கெட்டித்த அடிமண், அதில் வெட்டிய வாய்க்காலில் நாலைந்து மீட்டருக்கு ஒன்றாகத் துளைக் குழாய், மேலே 100 மில்லிமீட்டர் கழுவிய சல்லி, அதற்கு மேல் 300 மில்லிமீட்டர் மணல். எம் சாண்டை (கல்லை அரைத்த செயற்கை மணல்) தள்ளுபவர் வருவார். தூள் அதிகமான எம் சாண்டு ஆறே மாதத்தில் சிமென்ட் தரை மாதிரி இறுகும். ஒவ்வொரு லாரிக்கும் சல்லடைச் சோதனை கேளுங்கள். புல் பத்தையைக் களிமண்ணோடு கொண்டுவந்து மணல் மேல் விரிப்பது அடுத்த தப்பு. களி மேலே, மணல் கீழே என்றால் தண்ணீர் களியிலேயே நிற்கும், வேர் மேலேயே சுருளும். கழுவிய பத்தை அல்லது தண்டு நடவுதான் சரி.

குழாய்க்கு வெளியே தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். சேப்பாக்கம் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம். அப்படிப்பட்ட இடத்தில் கால்வாய் நிரம்பினால் வடிகால் வழியே தண்ணீர் திரும்பி உள்ளே வரும். குழாய் வெளியே திறக்கும் முனையில் ஒரு வழி மூடியும் பம்பு வைத்த கிணறும் இல்லாவிட்டால் 300 மில்லிமீட்டர் மணலும் ஊறிக்கொண்டிருக்கும்.

துணிக்கூரை: பிவிசி பூசிய பாலியஸ்டர் 10–15 வருஷம் வரும். பிடிஎஃப்இ பூசிய கண்ணாடி இழை 25 வருஷத்துக்கு மேல் போகும். விலை வித்தியாசம் பெரிது, ஆனால் முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் மாற்றும் செலவை இப்போதே ஒதுக்கி வையுங்கள். கண்ணாடி இழைத் துணியைப் புடவை மாதிரி மடித்துக் கொண்டுவந்தால் மடிப்பில் இழை முறிந்து அங்கேயே கிழியும். உருளையில் சுற்றி வர வேண்டும். கேபிள் முனை இணைப்புகளில் கல்வனைஸ் போதாது, கடல் பக்கம் என்றால் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு கேளுங்கள். மேலே ஏறிக் கழுவ நடைபாதை வரைபடத்திலேயே இருக்கட்டும். நம் ஊர்க் கூரைகள் கருத்துப்போய் நிற்பதற்கு உப்பையும் தூசியையும் குறை சொல்லிப் பயனில்லை. ஏற வழி இல்லை, அவ்வளவுதான்.

வெளிவாசல்:

இருக்கை எண்ணிக்கையில் இருந்து வாசலைக் கணக்குப் போடாதீர்கள். வாசலில் இருந்து இருக்கையைக் கணக்குப் போடுங்கள்.

பிரிட்டனின் பசுமை வழிகாட்டி என்ற கையேடு தரும் கணக்கு இது: படியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிஷத்துக்கு 66 பேர், சமதளத்தில் 82 பேர். கான்கிரீட் ஸ்டாண்டு காலியாக அதிகபட்சம் 8 நிமிஷம். 66 × 8 = 528. உங்கள் 6,000 பேருக்கு 11.4 மீட்டர் படி அகலம் வேண்டும். 1.2 மீட்டர் படிகளாக வைத்தால் பத்து. ஒரு வழி அடைபட்டாலும் மற்றவை போதும்படி ஒன்று கூடுதல், பதினொன்று. படிக்கட்டு முடியும் இடத்தில் அகலம் குறைந்தால் மேலே உள்ள கணக்கு அத்தனையும் வீண். அங்கே ஒரு டீக்கடைத் தள்ளுவண்டி போதும்.

உள்ளே வரும் கணக்கு வேறு. அதே கையேட்டில் ஒரு சுழல் கதவுக்கு மணிக்கு 660 பேர் என்பது உச்ச வரம்பு. பையைத் தடவிப் பார்த்து, தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி விடும் நம் வழக்கத்தில் அதில் பாதி வந்தாலே பெரிது. 6,000 பேர் ஒரு மணி நேரத்தில் உள்ளே போக இருபது வரிசை வேண்டியிருக்கும். அந்த இருபது வரிசையும் தெருவில் நிற்காமல் வளாகத்துக்குள் நிற்க இடம் இருக்கிறதா? 2025 ஜூன் 4-ல் பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில் 11 பேர் இறந்தது வாசல்களுக்கு வெளியே நடந்த நெரிசலில். கேலரி எவ்வளவு பலமாக இருந்தும் பயனில்லை.

அளவுநாடா சொன்ன தீயணைப்புப் பாதையும் நடைப்பயிற்சிப் பாதையும் கூட்டம் வெளியேறும் வழியும் ஒன்றையொன்று வெட்டினால் மறுபடி வரைய வேண்டும். சேப்பாக்கத்துக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம்: பறக்கும் ரயில் நிலையம் பக்கத்திலேயே. ஆனால் ரயில் நிலையப் படியும் அதே நிமிஷக் கணக்குக்கு உட்பட்டதுதான். ஆட்டம் முடிந்ததும் எல்லாரையும் அந்தப் பக்கமே விடக்கூடாது.

பார்வைக் கணக்கை யாரும் தொடவில்லை. முன்னால் இருப்பவர் தலைக்கு மேலே எவ்வளவு தெரிகிறது என்பதற்கு 90 மில்லிமீட்டர் நல்லது, 60 வரை பொறுத்துக்கொள்ளலாம். எல்லைக் கயிற்றில் இருந்து 30 மீட்டர் தள்ளி, கண் 8 மீட்டர் உயரத்தில், படி அகலம் 800 மில்லிமீட்டர் என்று வையுங்கள். படி உயரம் 300 என்றால் 84 வருகிறது. செலவைக் குறைக்க 280 ஆக்கினால் 65. இரண்டு சென்டிமீட்டரில் இவ்வளவு வித்தியாசம். ஒப்பந்தக்காரர் "சின்ன மாற்றம்தானே" என்பார்.

திடல்வாசி:

எல்லாருக்கும் நன்றி. புது ஸ்டாண்டில் இருக்கை போடாமல் வெறும் படியாக விட்டால் செலவு குறையும் என்கிறார்கள். அதோடு மூன்றாவது கேள்வி பாக்கி: எப்போது தொடங்குவது, வேலை நடக்கும்போது நடப்பவர்களை என்ன செய்வது?

கம்பிகட்டி:

வெறும் படி என்றால் ஆட்கள் நிற்பார்கள், குதிப்பார்கள். நிலையான இருக்கை இருக்கும் கூடத்துக்கு நம் தரநிலை சதுர மீட்டருக்கு 4 கிலோநியூட்டன் சுமை கேட்கிறது, இல்லாததற்கு 5. மிச்சம் பிடிப்பதாக நினைத்த காசு கம்பியில் போகும். அதைவிட முக்கியம் அதிர்வு. கூட்டம் பாட்டுக்கு நொடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை குதிக்கும். அதன் இரட்டிப்பும் கணக்கில் வரும். நீண்டு தொங்கும் மேல்தளத்தின் இயல் அதிர்வெண் (அது தானாக நொடிக்கு எத்தனை முறை அதிரும் என்பது) 6 ஹெர்ட்ஸுக்குக் கீழே வந்தால் தனியாக அதிர்வுப் பகுப்பாய்வு கேளுங்கள். கிரிக்கெட்டுக்கு மட்டும்தான் என்று சொல்வார்கள். அடுத்த மார்கழியில் இசை நிகழ்ச்சிக்கு விடுவார்கள்.

அளவுநாடா:

காலம்: கிழக்குக் கடற்கரையில் அக்டோபர் நடுவில் இருந்து டிசம்பர் வரை அடித்தளம் தோண்டாதீர்கள், குழி குளமாகும். ஜனவரியில் தோண்டி, மழைக்கு முன் தரைமட்டத்துக்கு மேல் வந்துவிடுங்கள். கூரைத் துணியை மழை முடிந்த பிறகு ஏற்றுங்கள். பாதி இழுத்துக் கட்டிய துணி புயலில் மாட்டினால் தாங்காது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்து, 16-ஆம் தேதி சேப்பாக்கத்தில் டெஸ்ட். தட்டுகளில் தணலைப் போட்டுப் பிட்ச்சின் மேல் தூக்கிப் பிடித்து ஈரத்தை வாங்கினார்கள். அந்த ஆட்டத்தில்தான் கருண் நாயர் 303 ரன் அடித்தார். பிட்ச்சைக் காப்பாற்றத் தணல் இருக்கிறது, கூரைக்கு அப்படி ஒன்றும் இல்லை.

மைதானத்தைக் கடைசியில் தொடுங்கள். புல் போட்ட பிறகு ஒரு கிரேன் ஒரே ஒரு முறை குறுக்கே போனால் அந்தத் தடத்தில் அடியில் குழாய் நசுங்கியிருக்கும், மேலே எதுவும் தெரியாது. முதல் பெருமழையில் நேர்கோடாகத் தண்ணீர் நிற்கும்போதுதான் தெரியும். எனவே கிரேன் வழி எது என்று ஒப்பந்தத்தோடு வரைபடமாக இணைத்துவிடுங்கள்.

நடப்பவர்கள்: பாதையைப் பாதிப் பாதியாக மூடுங்கள், மொத்தமாக மூடாதீர்கள். காலை 5 முதல் 8 வரை லாரிக்கு அனுமதி இல்லை என்று டெண்டரிலேயே எழுதினால் விலையில் அது அடங்கிவிடும், பிறகு எழுதினால் கூடுதல் பில் வரும். நடத்துவதைத் தனியாரிடம் விடும் யோசனை இருந்தால் இந்த நேரத்தைக் குத்தகைப் பத்திரத்தில் மணிக்கணக்காக எழுதுங்கள், "பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் தடையின்றி" என்ற வாசகம் ஒன்றுக்கும் உதவாது. காலாங்கில் 25 வருஷ ஒப்பந்தத்தில் தனியார் கூட்டமைப்பு நடத்தி வந்ததை 2022 டிசம்பரில் அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. சமூகப் பயன்பாட்டுக்கு இன்னும் திறந்துவிட வேண்டும் என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று.

அளவெடுக்கும்போது டிரான்ஸ்பார்மரை மறக்காதீர்கள். அதை நகர்த்த மின்வாரியத்துக்கு மனு போட வேண்டிய தேதி, அடிக்கல் நாட்டும் தேதிக்கு முன்னால் வர வேண்டும்.